பத்து மணிக்குத் தூக்கம் வராத பையன் சோம்பேறியா?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்பதால் ஐந்தரைக்கே எழுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு சாக்ஸை மாட்டிவிட்டு, இன்னொன்றைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்து தூங்குகிறான். இரவு பத்து மணிக்குப் படுக்கச் சொன்னால், "தூக்கம் வரலைம்மா" என்று பதினொன்றரை வரை புரள்கிறான். ஞாயிறு பதினொரு மணிக்குத்தான் எழுகிறான். நாலு மணிக்கு எழுந்து படித்தால்தான் மண்டையில் ஏறும் என்கிறார் என் மாமனார். என்ன செய்வது?

பதில்: முதலில், உங்கள் மகன் சொல்வது உண்மை. அவனைத் திட்டாதீர்கள். இருட்டியதும் மூளையில் சுரந்து தூக்கத்துக்குத் தயார்ப்படுத்துவது மெலடோனின். பருவ வயதில் அது சுரக்கும் நேரம் ஒன்று, இரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஆறாம் வகுப்பில் ஒன்பதுக்கே தூங்கி விழுந்த பையனுக்குப் பதினொன்று வரை கண் சொருகாதது இதனால்தான். ஆனால் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் மகனுக்குக் கிடைப்பது ஆறு. தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் கடன் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் அடைக்கப் பார்க்கிறான்.

மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்கு ஊரே அடங்கிய காலத்தில், நாலு மணிக்கு எழுந்தாலும் ஏழு மணி நேரம் தூங்கியிருப்பார்கள். பதினொன்றரைக்குத் தூங்குபவனை நாலு மணிக்கு எழுப்பினால், கனவுத் தூக்கம் அதிகம் வரும் கடைசி மணி நேரங்கள் பறிபோகும். படித்தது மனதில் பதிவதே தூக்கத்தில்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை: சீருடை, பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் இரவே தயாராக இருந்தால் காலையில் இருபது நிமிடம் மிச்சம். அதைத் தூக்கத்துக்கே கொடுங்கள். மாலை நாலு மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். டியூஷன் முடிந்து வந்ததும் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, படிக்கும் இடத்தில் மட்டும் ஒரு விளக்குப் போதும். போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும், உங்கள் போனும் சேர்த்துத்தான். விடிந்ததும் வெயில் முகத்தில் படுவது உடல் கடிகாரத்தை முன்னால் இழுக்கும்; பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்திலாவது வெளிச்சத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஞாயிறன்று தூக்கம் காலை ஏழரை மணிக்கு மேல் போக வேண்டாம். பதினொன்று வரை தூங்கினால் அன்று இரவு தூக்கம் இன்னும் தள்ளிப்போய், திங்கட்கிழமைதான் நரகமாகும். மதியம் அரை மணி நேரம் கண்ணயரட்டும். மெலடோனின் மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு செய்தாலும் எட்டு மணி நேரம் வராது. ஐந்தரை மணி அலாரம் இருக்கும்வரை கணக்கு இடிக்கும். அதனால் நான் அழுத்திச் சொல்வது: நாலைந்து பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியரைப் பாருங்கள். ஸ்பெஷல் கிளாஸை மாலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள், மாலை டியூஷனில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு. "பள்ளி தாமதமானால் பசங்க இன்னும் தாமதமாகத்தான் படுப்பாங்க" என்பார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-ல் உயர்நிலைப் பள்ளிகளை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றினார்கள். மாணவர்கள் பள்ளி நாட்களில் சுமார் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியதாக ஆய்வில் தெரிந்தது. கலிபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்பது சட்டம்.

இன்னொன்று. இரவில் பலமாகக் குறட்டை விடுகிறானா, இடையில் மூச்சு நின்று திணறுகிறானா என்று ஒருநாள் அருகில் நின்று கவனியுங்கள். விடுமுறையில் ஒன்பது மணி நேரம் தூங்கியும் அசதி போகவில்லை, அல்லது வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் ஒதுங்கியே இருக்கிறான் என்றால், காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.