குளத்துக் கட்லாவுக்கு ஊசி போட்டால் குஞ்சு கிடைக்குமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்பில் குளம் வைத்திருக்கிறேன். கட்லாவும் ரோகுவும் வயிறு புடைத்து நிற்கின்றன, ஆனால் ஒரு குஞ்சுகூட இல்லை. ஹார்மோன் ஊசி போட்டுத் தருவதாக ஒரு ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஊசி பொய்யில்லை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். தேங்கிய குளத்தில் சினை முற்றும், ஆனால் புதுவெள்ளம் வராததால் முட்டையை வெளியே விடச் சொல்லும் சுரப்பு மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வராது. பருவம் தப்பியதும் சினை உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். 1957-ல் மீன் விஞ்ஞானி ஹீராலால் சவுத்ரி ஒடிசாவில் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார். இப்போது மருந்து தயாராகவே கிடைக்கிறது, தாய் மீனுக்குக் கிலோவுக்கு அரை மில்லிக்குள் போதும்.

சிக்கல் அப்புறம்தான். சாயங்காலம் போட்டால் விடிவதற்குள் லட்சக்கணக்கில் முட்டை கொட்டும். அது எதிலும் ஒட்டாது, அடியில் போய்ப் படியும். ஓடும் தண்ணீர் விடாமல் சுழற்றினால்தான் பதினைந்து, பதினெட்டு மணி நேரத்தில் பொரியும். பொரிப்பகத்தில் வட்டத் தொட்டி கட்டுவது அதற்குத்தான். உங்கள் குளத்தில் முட்டை சேற்றில் அழுகும், மிச்சத்தைத் திலேப்பியா தின்னும்.

குஞ்சு வராதபோது அதே ஏஜென்ட், “நல்ல ஆந்திரா குஞ்சு” என்று பையோடு வருவார். டம்ளரில் அளந்து தரும் நுண்குஞ்சு எந்த மீனுடையது என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. கேரளத்தில் 2014-லேயே மீன் விதைச் சட்டம் வந்துவிட்டது. பதிவுச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சட்டம் போட்டதோடு சரி, வண்டியை நிறுத்திப் பார்க்க ஆள் இல்லை. மீன்வளத் துறையில் பேர் எழுதி வைத்தாலும் குஞ்சு வரும் நாளும் குளத்துக்கு ஆழியாற்றுத் தண்ணீர் வரும் நாளும் சேர்வதில்லை. எத்தனை கூட்டத்தில்தான் இதைச் சொல்வது!

சாதாக் கெண்டை மட்டும் வேறு. அதற்கு ஊசி வேண்டாம், ஓடும் தண்ணீரும் வேண்டாம். தை, மாசியில் குளத்துக்குள் கொசுவலை போன்ற வலைத்தொட்டியைக் கட்டி, கழுவிய வேலம்பாசியைப் பரப்புங்கள். வயிறு மெத்தென்று இருக்கும் ஒரு பெண் மீனையும், லேசாக அழுத்தினால் பால் போல விந்து கசியும் இரண்டு ஆண் மீன்களையும் மாலையில் விடுங்கள். முட்டை பாசியில் மணிமணியாக ஒட்டியிருக்கும். காலையிலேயே பாசியை வேறு வலைத்தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெற்ற மீனே தின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் பொரியும். ஆனால் இதைக் குளத்தில் அதிகம் சேர்க்காதீர்கள், கரையைக் குடைந்துவிடும்.

கட்லா, ரோகுவுக்கு மலம்புழா விதைப் பண்ணையில் கேளுங்கள், விரல் நீள விரலிகளாக, எண்ணி வாங்குங்கள். பத்து இருபதை ஒரு பேசினில் விட்டு, கையால் தண்ணீரைச் சுழற்றிப் பாருங்கள். நல்ல குஞ்சு சுழலை எதிர்த்து நீந்தும். நடுவில் போய்ச் சேருவது அதிகமென்றால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.