மூன்று மாதமாக ஹெராயின் தொடவில்லை, இனி உயிருக்குப் பயமில்லைதானே?

அண்ணன் ஹெராயினை விட்டு மூன்று மாதம் ஆகிறது, இனி நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டது பெரிய காரியம். ஆனால் மறுபடி எடுத்துவிட்டால், உயிர்ப்பயம் தினமும் எடுத்த காலத்தைவிட இப்போதுதான் அதிகம்.

விடாமல் எடுக்கும்போது மூளைத்தண்டில் மூச்சை இயக்கும் நரம்புகள் மருந்துக்குப் பழகிவிடும். புதியவரைக் கொன்றுவிடக்கூடிய அளவை எடுத்துவிட்டும் அண்ணன் நடமாடியது அதனால்தான். நிறுத்திய சில வாரங்களில் அந்தத் தாங்குதிறன் பெரும்பாலும் போய்விடும். பழைய அளவு மட்டும் மறக்காது. ஒரு நாள் சறுக்கி அதையே எடுத்தால் மூச்சு அடங்கிவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றி 2007இல் வந்த ஆய்வு, முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் மிகைமருந்தால், அதாவது போதைமருந்து அளவு மீறியதால், இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு என்றது.

இடமும் கணக்கில் சேரும். உளவியலாளர் ஷெப்பர்ட் சீகலின் குழு 1982இல் ஹெராயினுக்குப் பழக்கிய எலிகளுக்கு ஒரே பெரிய அளவைக் கொடுத்துப் பார்த்தது. பழகிய இடத்தில் 32 சதவீதம் செத்தன, புது இடத்தில் 64. வழக்கமான சூழலைக் கண்டதும் உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. புது இடத்தில் அது நடப்பதில்லை.

அளவு மீறினால் எப்படிக் காப்பாற்றுவது என்று சொன்னால், 'எடுப்பவனுக்கு வழி சொல்லிக் கொடுக்கிறாயா' என்று சிலர் கிளம்புவார்கள். தீயணைப்பான் வாங்கி வைப்பவர் வீட்டுக்குத் தீ வைக்கவா போகிறார்?

அளவு மீறியவருக்குக் கண்மணி குண்டூசித் தலை அளவு சுருங்கியிருக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தட்டினாலும் நெஞ்செலும்பை முட்டியால் அழுத்தித் தேய்த்தாலும் எழமாட்டார். கொரகொரவென்று சத்தம் வந்தால் நன்றாகத் தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள், மூச்சு அடைபடுகிறது. உடனே ஆம்புலன்ஸ். கையில் நாலோக்சோன் (ஹெராயின் போன்றவற்றின் விளைவை முறிக்கும் மருந்து) ஸ்பிரே இருந்தால் ஒரு மூக்குத் துவாரத்தில் அடியுங்கள். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, 5 விநாடிக்கு ஒரு தடவை வாயில் ஊதுங்கள். 2, 3 நிமிடத்தில் அசைவில்லை என்றால் இன்னொரு ஸ்பிரே. மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பச்சைத்தண்ணீரில் முக்குவது, உப்புநீர் ஊசி, வாந்தி எடுக்க வைப்பது எல்லாம் வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். நாலோக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும். உள்ளே போன மருந்து அதைவிட நேரம் நின்றால் மூச்சு மறுபடி அடங்கும். விழித்தவர் எரிச்சலோடு எழுந்து கிளம்பப் பார்ப்பார், இன்னொரு ஊசியும் தேடுவார். விடாதீர்கள். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்திருந்தால் நாலோக்சோன் அவற்றை முறிக்காது. என்ன எடுத்தார் என்று தெரியாவிட்டாலும் அடிக்கலாம், கெடுதல் இல்லை.

கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆளை 30 நாள் பூட்டி வைத்து 'சுத்தமாகிவிட்டான்' என்று அனுப்பும் மையங்கள் மேல் எனக்குத் தீராத கோபம். தாங்குதிறன் இறங்கியதை ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவர் தரும் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் மருந்துகள் என்றால் 'ஒரு போதைக்கு இன்னொரு போதை' என்று இளக்காரம். இரண்டும் 2005 முதல் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அண்ணனுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

குளியலறைத் தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து திறக்கிற மாதிரி மாற்றிவிடுங்கள். திரும்ப எடுப்பவர்கள் பலர் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டுதான் எடுக்கிறார்கள்.