மூளைக்கு எத்தனை ஜிபி?

கேள்வி: சார், மனித மூளையின் கொள்ளளவு எத்தனை ஜிபி? ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்களே?

பதில்: கணக்குகள் ஒத்துப்போகாததற்குக் காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஃபைல் ஓரிடத்தில் கிடக்கும். பிராசசர் அதை எடுத்து வேலை பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கும். மூளையில் சேமிக்கும் இடம், வேலை பார்க்கும் இடம் என்று தனித்தனியாக இல்லை. சுமார் 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், அவற்றுக்கிடையே சினாப்ஸ் என்னும் இணைப்புகள். ஒன்றைக் கற்கும்போது சில இணைப்புகள் வலுவாகின்றன, சில தளர்கின்றன. நினைவு என்பது பெரும்பாலும் அந்த மாற்றம்தான். யோசிப்பதும் அதே இணைப்புகள் வழியாகத்தான். இதற்குப் போய் ஜிபியில் அளவு எடுத்தால், எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: அப்படியானால் பழைய நினைவை எடுப்பது ஃபைலைத் திறப்பது மாதிரி இல்லையா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஃபைலை நூறு முறை திறந்து படித்தாலும் ஓர் எழுத்து மாறாது. நினைவோ, கிளறினால் நெகிழும், பிறகு மறுபடி இறுகும். அப்படி இறுக மூளை புதிதாகப் புரதம் தயாரிக்க வேண்டும். 2000-ல் வெளிவந்த ஓர் எலி ஆய்வைச் சொல்கிறேன். ஓர் ஒலி கேட்டால் ஷாக் அடிக்கும் என்று எலிகளைப் பழக்கினார்கள். பின்னர் அந்த ஒலியை மட்டும் கேட்கவைத்து, பயம் கிளம்பியதும் மூளையின் அமிக்டலா பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். அப்புறம் அந்த ஒலிக்கு அவை பயப்படுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒலியைக் கேட்கவைக்காமல் மருந்து மட்டும் கொடுத்த எலிகளுக்குப் பயம் அப்படியே இருந்தது. நினைவை வெளியே எடுத்ததால்தான் மருந்தால் அதைத் தொட முடிந்தது!

கேள்வி: வேகத்தில் யார் கெட்டி?

பதில்: கம்ப்யூட்டர்தான், சந்தேகமே வேண்டாம். பிராசசர் நொடிக்கு 300 கோடி முறை துடிக்கும். நியூரான் மிஞ்சிப்போனால் சில நூறு முறை. ஆனால் கோடிக்கணக்கான நியூரான்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அதற்கு ஆகும் சக்தி சுமார் 20 வாட், ஒரு சின்ன பல்புக்கு ஆகிற அளவு.

கேள்வி: மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே?

பதில்: கட்டுக்கதை. உடல் எடையில் 2 சதவீதமே இருந்துகொண்டு, ஓய்வில் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை மூளை தின்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடம்பு அவ்வளவு தீனி போடாது.

கேள்வி: நான் பிளஸ் டூ மாணவி. எல்லா இணைப்புகளையும் வரைந்துவிட்டால் மூளையைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துவிடலாம்தானே?

பதில்: நல்லது அம்மா, ஒரு புழுவிலிருந்து தொடங்குவோம். சி. எலிகன்ஸ் என்னும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு. அதன் உடலில் மொத்தம் 302 நியூரான்கள். அவற்றின் இணைப்பு வரைபடம் 1986-லேயே வெளியாகிவிட்டது. ஆனாலும் அந்தப் புழுவை அச்சு அசலாகக் கம்ப்யூட்டரில் இன்னும் ஓட்ட முடியவில்லை. எது எதோடு சேர்கிறது என்பதை வரைபடம் காட்டும். அந்த இணைப்பு எவ்வளவு வலுவானது, சுற்றிலும் உள்ள ரசாயனங்கள் இந்த நொடியில் அதை எப்படி மாற்றுகின்றன என்பதெல்லாம் அதில் இருக்காது.