கேளுங்கள், சொல்கிறேன்: எந்தக் கிரிம்பிங் பிளையர் வாங்கலாம்?

கேள்வி: யுபிஎஸ், ஸ்டெபிலைசர் சர்வீஸ் செய்கிறேன் அண்ணே. போர்டில் வரும் சின்ன வெள்ளைக் கனெக்டர்களுக்குள் போகும் உலோகப் பின்னை, வயர் மேல் நோஸ் பிளையரால்தான் மடக்குகிறேன். லேசாக இழுத்தாலே வயர் கழன்றுவிடுகிறது. கனெக்டர் கம்பெனியே விற்கிற டூல் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. பின்னை வயரோடு அழுத்திப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் பிளையரில், கட்டுப்படியாகிற மாதிரி எதை வாங்கலாம்?
— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: கம்பெனி டூல் உங்களுக்கு வேண்டாம். நாள் முழுக்க ஒரே பின்னை அடிக்கிற தொழிற்சாலைக்குத்தான் அது.

பின்னைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு ஜோடி இறக்கை இருக்கும். முன் ஜோடி செம்புக் கம்பியைப் பிடிக்க, பின் ஜோடி மேலுறையைப் பிடிக்க. நோஸ் பிளையர் இதைச் சப்பையாக்குமே தவிர இறுக்காது. சரியான தாடை, முன் இறக்கைகளை உள்பக்கமாகச் சுருட்டி இழைகளுக்குள் இறக்கிவிடும். பின்னில் இறுக்கம் போதாவிட்டால் லோடு ஏறும்போது அது சூடாகும். கனெக்டர் பழுப்பேறிப் போகும். நம் வேலூர் வெயிலில், ஏப்ரல் மே வந்தால் என் காட்பாடி பட்டறைக்கு அப்படி நிறைய போர்டு வரும்.

நீங்கள் சொல்லும் வெள்ளைக் கனெக்டர் பெரும்பாலும் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட எக்ஸ்ஹெச் வகை. அதற்கு எஸ்என்-01பிஎம் ராட்செட் பிளையர் போதும்; ராட்செட் என்றால் முழுக்க அழுத்தி முடிக்கும்வரை பிடி திறக்காது. எஸ்என்-28பி என்று ஒன்றைக் கடைக்காரர் நீட்டுவார். அதன் பள்ளம் கொஞ்சம் பெரிது, 2 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட சின்னக் கனெக்டரின் பின்னுக்கு ஒத்துவராது. சிவப்பு, நீலம், மஞ்சள் புள்ளி வைத்த பிளையரைத் தொடவே தொடாதீர்கள், அது வயர் நுனியில் மாட்டும், பிளாஸ்டிக் உறை போட்ட லக் என்கிற முனைக்கு. பல வகைப் பின் வருகிறது, காசும் கொஞ்சம் இருக்கிறது என்றால் ஜப்பான் எஞ்சினியர் கம்பெனியின் பிஏ-09. ராட்செட் கிடையாது, செம்பை ஒரு பள்ளத்திலும் உறையை இன்னொன்றிலும் தனித்தனியாக அழுத்த வேண்டும். பொறுமை இருந்தால் எனக்குப் பிடித்தது அதுதான்.

வயரை இரண்டு மில்லிமீட்டர் உரித்தால் போதும். அழுத்திய பிறகு லென்ஸ் வைத்துப் பாருங்கள்: இரண்டு ஜோடி இறக்கைக்கும் நடுவே கொஞ்சம் உறை, கொஞ்சம் செம்பு இரண்டும் தெரிய வேண்டும். முன்னால் இழை நுனி துளி எட்டிப் பார்க்கலாம். ராட்செட் பாதியில் விடாது, அதுதான் அதன் அருமை. பிடி இறுக்கம் போதவில்லையென்றால் பக்கத்தில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தை ஒரு பல் திருப்புங்கள். உறையோடு 1.9 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த வயர் எக்ஸ்ஹெச் பின்னில் உட்காராது. அதற்குப் பிளையரைத் திட்டிப் பயனில்லை.

கேள்வி: கிரிம்ப் செய்த பிறகு மேலே ஈயம் வைத்தால் இன்னும் பலம்தானே?
— ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கிவிடும். அது முடிகிற இடத்தில் அதிர்வு பட்டுப் பட்டு ஒடியும். வண்டி வயரிங்கில் கட்டாயம் கூடாது. பிளையரே இல்லாமல் அவசரத்துக்கு ஒப்பேற்றுகிறீர்கள் என்றால் மட்டும் ஈயம் வையுங்கள், அப்புறம் மாற்றிவிடுங்கள்.