வெள்ளெழுத்துக்கு எந்தக் கண்ணாடி வாங்குவது?

கேள்வி: வயது 47. தூரப் பார்வையில் குறையில்லை. மாத்திரை அட்டையில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கத்தான் கையை நீட்ட வேண்டியிருக்கிறது. ரெடிமேட் ரீடிங் கிளாஸ் போதுமா? கடையில், தூரம், நடு, கிட்ட எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடியில் பவர் வைத்த புரோகிரசிவ் லென்ஸும் நீல ஒளித் தடுப்பும் எடுக்கச் சொல்கிறார்கள். கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று என் கணவர் பயமுறுத்துகிறார்.

பதில்: பவர் ஏறத்தான் செய்யும். ஆனால் கண்ணாடி போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும். கண்ணுக்குள் உள்ள லென்ஸ் வயதாக ஆக இறுகிப்போவதுதான் வெள்ளெழுத்து. அதற்குக் கண்ணாடி மேல் பழி போட முடியாது.

ரெடிமேடில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான். கருவிழியின் வளைவு சமமாக இல்லாததால் வரும் மங்கலைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் இராது. இரு கண்ணும் சமமாக இருப்பவர் கொஞ்ச நேரம் படிக்க அது தாராளமாகப் போதும். கண்ணைக் கெடுக்காது. ஆனால் முதலில் முழுக் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண் அழுத்த நோய் சத்தமில்லாமல் வரும். கடையில் எழுத்து அட்டையைப் படித்துக் காட்டினால் அது தெரியவராது.

பவர் கூடினால் தெளிவும் கூடும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். உங்களைப் போலத் தூரப் பவர் இல்லாதவர் +2.50 போட்டால், ஏறக்குறைய 40 செ.மீ.க்கு அப்பால் எல்லாம் மங்கும். கணினித் திரையோ பெரும்பாலும் 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. எந்த வேலைக்குக் கண்ணாடி வேண்டுமோ, அந்தத் தூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள்.

கண்ணாடியை மாட்டுவதும் கழற்றுவதும் தொல்லையாகாத வரை உங்களுக்குப் புரோகிரசிவ் அவசியமில்லை. அதில் ஓரங்கள் மங்கலாகத்தான் தெரியும். லென்ஸின் அமைப்பே அப்படி. எடுப்பதானால், நீங்கள் தேர்ந்த ஃபிரேமை முகத்தில் மாட்டி, கண்மணி நிற்கும் இடத்தைக் குறித்து அளக்கிறார்களா என்று பாருங்கள். அதைச் செய்யாத கடையில் ஆர்டர் கொடுக்காதீர்கள். பழகாவிட்டால் மாற்றித் தருவோம் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். புதிதில் படி இறங்கும்போது கவனம்.

நீல ஒளித் தடுப்புக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். திரை பார்ப்பதால் வரும் கண் சோர்வை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு சொன்னது. எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு வேறு விஷயம், அதை எடுக்கலாம்.

இன்னொன்று. சில ஆண்டுகள் கழித்து, கண்ணாடி இல்லாமலே திடீரென்று நன்றாகப் படிக்க வந்தால், பார்வை திரும்பிவிட்டதென்று கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கண்புரை தொடங்கும்போதும் அப்படி ஆவதுண்டு. டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.