ராம்ஜெட்டுக்குள் இருக்கும் கிடா

கேள்வி: ராம்ஜெட் என்பது நகரும் பாகங்களே இல்லாத எளிய எஞ்சின் என்று படித்தேன். அப்படியானால் நம் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ 2018-லிருந்து அதைச் சோதித்துக்கொண்டே இருப்பது ஏன்? ராமபாணத்தின் நினைவாக வைத்த பெயரா இது?
– ஒரு வாசகர், தேனி

பதில்: ராமரை விட்டுவிடுங்கள், அவருக்கு ஏற்கெனவே வேலை அதிகம். இந்த ‘ராம்’ செம்மறிக் கிடா. ஆங்கிலத்தில் கிடாவின் பெயரே முட்டித் திணிப்பதற்கும் வினைச்சொல் ஆகிவிட்டது. பழந்தமிழில் கிடாவுக்குத் ‘தகர்’ என்று அருமையான சொல் இருக்கிறது. பக்கத்து வீட்டிலேயே ‘தகர்த்தல்’ குடியிருக்கிறது. உறவா, வெறும் அயலாரா என்பதை அகராதிக்காரர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். ‘தகர்ப்பொறி’ என்று இரண்டு அசையில் முடிக்க வேண்டியதை, கலைச்சொல் செய்கிறவர்கள் ‘திணிப்புத் தாரை எந்திரம்’ என்று சரக்கு ரயில் நீளத்துக்கு இழுப்பார்கள். இதற்கு வழக்கமான கண்டனக் கடிதங்கள் வரும், வரட்டும்.

பெயர் வைத்தவர்கள் கிடாவைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். முட்டுக்கிடா நின்ற இடத்திலிருந்து முட்டாது. பின்னால் போய், ஓடிவந்து முட்டும். ராம்ஜெட்டும் அப்படியே: ஓடும் வேகத்தாலேயே வெளிக்காற்றை உள்ளே திணித்து அழுத்தி, அதில் எரிபொருளை எரிக்கும். நின்ற இடத்தில் அது வெறும் குழாய், உந்துவிசை பூஜ்யம். பாதி ஒலிவேகத்தில் தள்ளினால் உள்ளே வரும் காற்று 1.2 மடங்குதான் அழுந்தும். மாக் 2-ல், அதாவது ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில், அது 7.8 மடங்கு, மாக் 3-ல் 36 மடங்குக்கும் மேல். ஆகவே முதலில் ஒரு பூஸ்டர் ராக்கெட் அதை மாக் 2 வரைக்கும் ஓட்டிக்கொண்டுபோய் விட வேண்டும். பிரான்சின் ரெனே லோரான் 1913-லேயே இந்தத் தத்துவத்தை எழுதிவிட்டார். ரெனே லெதுக்கின் விமானம் அதில் பறந்தது 1949-ல்; அதுவும் இன்னொரு விமானத்தின் முதுகில் ஏறிப்போய்.

இவ்வளவு சிரமம் எதற்கு? திட ராக்கெட்டின் உந்துபொருளில் ஏறக்குறைய 70 சதவீதம் அம்மோனியம் பெர்குளோரேட், அதாவது ஆக்சிஜன் மூட்டை. காவிரிக்குக் குளிக்கப் போகிறவன் தலையில் குடத்தோடு போவது மாதிரி. ராம்ஜெட் அந்தக் குடத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறது. ஒரு கிலோ உந்துபொருள் ஒரு கிலோ விசையை எத்தனை விநாடி தரும் என்று பார்த்தால், திட ராக்கெட்டுக்குச் சுமார் 250. மண்ணெண்ணெய் வகை ராம்ஜெட்டுக்கு 1,200-க்கு மேல்.

இப்போது உங்கள் ‘எளிய’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அதுதான் எனக்குக் கடுப்பு. ஏவுகணைச் செய்தி எழுதுகிற எல்லோரும் அதை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்கிறார்கள். நகரும் பாகம் இல்லை என்றால் அந்தப் பாகத்தின் வேலை இல்லாமல் போய்விடாது, காற்றின் தலையில் விழும். மேலே சொன்ன 36 மடங்கு தாள் கணக்கு. மாக் 3-ல் குழாயை நேரே நீட்டினால் வாயில் ஒரே செங்குத்தான அதிர்ச்சி அலை நின்று, மூன்றில் இரண்டு பங்கு அழுத்தத்தைத் தின்றுவிடும். அதனால்தான் பிரம்மோஸின் வாய்க்குள் ஒரு கூம்பு. அது சாய்வான அலைகளாக வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. எரியறையில் அழுத்தம் அளவுக்கு மீறினால் அந்த அலை வாய்க்கு வெளியே துப்பப்படும். காற்று குறையும், அழுத்தம் இறங்கும், அலை மறுபடி உள்ளே போகும், மறுபடி துப்பப்படும். விநாடிக்குப் பல முறை வரும் இந்த விக்கல் தீயை அணைக்கும், சில சமயம் ஏவுகணையையே உடைக்கும்.

டிஆர்டிஓ சோதிப்பது இன்னொரு ரகம்: திட எரிபொருள் குழாய் ராம்ஜெட். 2018 மே 30, 2019 பிப்ரவரி 8, 2021 மார்ச் 5, 2022 ஏப்ரல் 8 என்று சண்டிப்பூரில் பறக்கவிட்டார்கள். இதில் முன்னால் ஒரு வாயு உற்பத்திக் கலம். ஆக்சிஜன் பற்றாமல் எரியும் திட எரிபொருள், கரும்புகையாகப் பின்னறைக்குப் போய், வெளிக்காற்றோடு சேர்ந்து முழுதாக எரிகிறது. பூஸ்டரும் அதே பின்னறையில்தான் நிரப்பப்பட்டிருக்கும். அது எரியும்வரை காற்று வாய்கள் மூடியிருக்க வேண்டும், எரிந்து முடிந்ததும் திறக்க வேண்டும். ஒரு மூடி தாமதித்தாலும் கிடா ஓட்டத்தை இழந்துவிடும். பூஸ்டருக்குக் குறுகிய நாசில் (வாயு பீறிடும் பின்வாய்) வேண்டும், ராம்ஜெட்டுக்கு அகலமானது. குறுகியதைக் கழற்றி எறியலாம் என்றால், ஏவுகணையை ஏவிய போர்விமானத்துக்குப் பக்கத்தில் உலோகத் துண்டு பறக்கும். ஆகவே நாசிலே இல்லாத பூஸ்டர். உந்துபொருளின் துளையே நாசிலாக நடிக்கிறது.

எரிபொருளில் போரான் கலப்பார்கள். கிலோவுக்கு சுமார் 58 மெகாஜூல், மண்ணெண்ணெய்க்கு 43. ஆனால் போரான் துகள்மேல் ஓர் ஆக்சைடு தோல் இருக்கும். அது 450 டிகிரியிலேயே உருகி, கூழ் மாதிரி துகளைப் போர்த்திக்கொண்டு காற்றை உள்ளே விடாது. தோல் ஆவியாகும் சூட்டுக்குள் போகாவிட்டால் விலையுயர்ந்த போரான் எரியாமலே வெளியேறும்.

இதற்கு மேல் வால்வு. ஆம், கலத்துக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு வால்வு, நகரும் பாகம்! குழாயைத் திறந்தால்தானே அதிகம் வரும்? இங்கே நேர்மாறு. துளையைச் சுருக்கினால் கலத்தில் அழுத்தம் ஏறி, எரிபொருள் வேகமாக எரியும். அழுத்த அடுக்கு (அழுத்தம் ஏறினால் எரியும் வேகம் எவ்வளவு ஏறும் என்று சொல்லும் எண்) 0.5 உள்ள எரிபொருளில் துளையைப் பாதியாக்கினால் அழுத்தம் 4 மடங்கு, வாயு 2 மடங்கு. அதிலும் ஒரு குறும்பு: சுருக்கிய கணத்தில் வாயு முதலில் குறைந்து, பிறகுதான் கூடும். அவசரக்காரக் கட்டுப்பாட்டுக் கணினி அந்தக் குறைவைப் பார்த்து இன்னும் சுருக்கினால் கதை முடிந்தது. எரிபொருள் தீரத்தீரக் கலத்தில் காலியிடம் கூடி, பதில் வருவது இன்னும் மந்தமாகும். இதையெல்லாம் சரிக்கட்டி ஐரோப்பாவின் ஆறு நாடுகள் சேர்ந்து செய்த இதே ரக ஏவுகணையான மீட்டியோர், 2016-ல்தான் சுவீடனின் கிரிப்பென் விமானங்களில் சேவைக்கு வந்தது. நாம் மட்டும் தாமதம் என்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ராம்ஜெட்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்பவர்களுக்கும் ஒரு சங்கதி. நம் ஆகாஷ் ஏவுகணை, சோவியத் நாட்டின் கூப் ஏவுகணை வழியில் நான்கு காற்றுக் குழாய்களோடு வந்த ராம்ஜெட். அதன் அடுத்த தலைமுறையான ஆகாஷ்-என்ஜி ராம்ஜெட்டைக் கைவிட்டு, இரண்டு தவணையில் எரியும் திட ராக்கெட்டுக்கு மாறிவிட்டது. அந்தத் தூரத்துக்கு நான்கு குழாய்களின் காற்றுத்தடையும் எடையும் கட்டுப்படியாகாது. நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஓடும் விமானத்தைக் கடைசிவரை விரட்ட வேண்டும் என்றால்தான் கிடா தன் தீனிக்கு ஈடான வேலை செய்யும்.

அந்த வால்வில் கரியும் போரான் கசடும் படிந்து துளையை அடைக்கும் தொல்லையும் உண்டு. பம்ப் ஸ்டவ் வைத்திருந்தவர்களுக்கு இது புரியும்: நிப்பிள் அடைத்தால் ஒரு பின்னை எடுத்துக் குத்துவார்கள். மாக் 3-ல் யார் போய்க் குத்துவது? அந்த ஸ்டவ் பின்னும் இப்போது எந்தக் கடையிலும் கண்ணில் படுவதில்லை. தேனியில் கிடைத்தால் அடுத்த கேள்வியோடு ஓர் அட்டை சேர்த்து அனுப்புங்கள்.