மசாஜர் வாங்கலாம் தம்பி, அதை யாரு பிடிக்கப் போறது?

கேள்வி: எங்க அம்மாவுக்கு 61 வயசு. கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஃபேக்டரில, ரொம்ப வருசம் கொட்டை உடைச்சவங்க. இப்ப முதுகும் இடுப்பும் ஒரே வலி, சுகரும் இருக்கு. கரண்ட் மசாஜர் ஒண்ணு 3,000 ரூபாய்க்குள்ள வாங்கலாம்னு ஒரு வாரமா ராத்திரி ராத்திரி யூடியூப்ல ரிவியூ பாத்துட்டு இருக்கேன். மசாஜ் கன் நல்லதா, நீளமா கைப்பிடி வச்சது நல்லதா? வீட்ல நான், மனைவி, பிளஸ் டூ படிக்கிற மகன், யாருக்கும் டைம் இல்ல, அதனால அம்மா தனியாவே முதுகுக்கு வச்சுக்குற மாதிரி இருக்கணும்.
- வாசகர், தக்கலை

பதில்: தம்பி, கடைசி வரியில போற போக்குல எழுதிட்டீங்களே, யாருக்கும் டைம் இல்லன்னு, அங்கருந்தே ஆரம்பிக்கேன். இந்த மெஷினை ஒரு தடவைக்கு பத்து நிமிசத்துக்கு மேல ஓட்ட வேண்டியதே இல்ல. ஒரு வாரமா ரிவியூ பாக்க ராத்திரி நேரம் கிடைச்சிருக்கு, அந்த அம்மா முதுகுல பத்து நிமிசம் மெஷினைப் பிடிக்க மூணு பேருல ஒருத்தருக்கும் நேரம் இல்லையா? இதே மாதிரி லெட்டர் எனக்கு நெறைய வருது, எல்லாரும் மாடல்தான் கேக்குதாங்க, யாரு பிடிச்சு விடுவாங்கன்னு ஒருத்தரும் எழுத மாட்டேங்குதாங்க.

அண்டி ஆபீஸ் வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. தரையில குத்தவச்சு குனிஞ்சு, ஒவ்வொரு கொட்டையா நிமித்தி வச்சுத் தட்டணும், தோட்டுல இருக்க எண்ணெய் பட்டா கை பொத்துப் போவும்னு சாம்பலைப் பூசிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் அதே இருப்பு. அப்பிடி வளைஞ்ச முதுகு அது. அதுக்கு நீங்க செய்ய வேண்டியது கடமை, உதவின்னு நெனைக்காதீங்க.

சரி, தனியா வச்சுக்க முடியுமான்னா, முடியாது. ஒரு கிலோ கிட்ட கனம் இருக்க சாமானை கையைப் பின்னால திருப்பிப் பிடிக்கணும், சுகர் இருக்கவங்களுக்கு தோள்பட்டை இறுகிப் போறது ரொம்ப சாதாரணம், முதுகு வலியோட தோள் வலியும் சேந்துக்கும். பின்னால எங்க படுதுன்னு கண்ணுக்கும் தெரியாது, நேரா தண்டுவட எலும்பு மேலயே போய் நிக்கும், அங்க வைக்கவே கூடாது. எலும்புக்கு ரெண்டு பக்கமும் இருக்க சதை மேலதான் ஓட்டணும், விலா எலும்புக்குக் கீழ கிட்னி இருக்க இடத்தையும் விட்டுரணும். அம்மாவை நாற்காலில திரும்பி உக்கார வச்சு சாய்மானத்துல கையை ஊனிக்கச் சொல்லுங்க, நீங்க பின்னால நின்னு பிடிங்க. துணி மேல வச்சே ஓட்டலாம், அதனால ஆம்பளப் பிள்ளைக்குக் கூச்சமும் வேண்டாம். மனைவி தலையில கட்டிட்டு நீங்க போனைத் தூக்கிட்டு ஒதுங்கவும் கூடாது, அது உங்க அம்மா. மகனும் பிடிக்கட்டும், பத்து நிமிசத்துல மார்க் குறையாது.

மாடல்னு கேட்டா, மசாஜ் கன் வேண்டாம். அது உள்ளுக்குள்ள குத்துற மாதிரி அடிக்கும், மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கு எலும்பு பலம் குறைஞ்சிருக்கும். அகலமான தலை, அதிர்வு மட்டும் குடுக்குற டைப், ஸ்பீடை நல்லா குறைக்க முடியணும், தானா ஆஃப் ஆகுற வசதி இருந்தா நல்லது. கைப்பிடி நீளமா இருந்தா உங்க கைக்குத்தான் சுகம். சூடு குடுக்குற பட்டன் இருந்தா அதைத் தொடாதீங்க, சுகர்ல தொடு உணர்ச்சி குறைஞ்சிருந்தா தோல் வெந்தாலும் அவங்களுக்குத் தெரியாது.

இதெல்லாம் வலியைக் கொஞ்ச நேரம் அமத்தும், அவ்வளவுதான். 2023ல உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டி ஒண்ணு வெளியிட்டுச்சு, அதுல உடற்பயிற்சியும் இருக்கு, மசாஜும் இருக்கு, ஆனா மெடிக்கல்ல வாங்கிக் கட்டுற இடுப்பு பெல்ட்டை வழக்கமா போட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அதனால சாயங்காலம் அம்மாவை நடக்கக் கூட்டிட்டுப் போங்க, கூடப் போங்க.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில எலும்பு டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிருங்க. எலும்பு தேஞ்சிருக்கான்னு கேளுங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போட்டாலோ பேஸ்மேக்கர் இருந்தாலோ அதையும் சொல்லணும். வலி காலுக்கு இறங்குதா, கால் மரக்குதா, காய்ச்சல் வருதா, சும்மாவே எடை குறையுதான்னு நீங்களே உக்காந்து கேட்டுட்டுப் போங்க, இதெல்லாம் அந்த அம்மா தானா சொல்ல மாட்டாங்க. திடீர்னு கால் தளந்து போச்சு, ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு போச்சுன்னா காத்திருக்காதீங்க, அன்னைக்கே தூக்கிட்டு ஓடணும்.

டாக்டர் சரின்னு சொன்னப்பறம் வாங்குங்க. மொத நாள் நீங்களே பிடிங்க, ஸ்பீடைக் கூட்டவா குறைக்கவான்னு அம்மாகிட்ட கேட்டுக் கேட்டுப் பிடிங்க.